சம்பா எந்த ஊர்?

மதியச் சாப்பாட்டில் கடைசிக் கவளத்தை எடுக்கும் முன்பே வியாகுலம் தட்டின் ஓரத்தில் ஏழெட்டுப் பருக்கைகளை ஒதுக்கி வைத்துவிடுகிறார். கை கழுவி வந்ததும் அவற்றை ஆள்காட்டி விரலால் நசுக்கி, கடித உறையின் மடிப்பில் சீராக இழுத்துவிட்டு, கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி ஓட்டுகிறார். முனை வந்ததும் திரும்ப முதலிலிருந்து. இப்படி மூன்று முறை. கோந்தை அவர் நம்புவதில்லை. "இங்கன அடிக்கிற உப்புக் காத்துக்குக் கோந்து மூணு நாள் தாங்காது. பருக்கை பிடிச்சுச்சுன்னா கிழிச்சாத்தான் திறக்கும்" என்பார்.

தங்கச்சிமடத்தில் வசிக்கும் அவருக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தப் பாம்பன் தீவில் தபால்காரராக இருந்து 2017 ஜூன் மாதம் ஓய்வு பெற்றவர். அவர் இப்போது ஒட்டும் உறைகள் எல்லாம் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போகின்றன. நான்கு ஆண்டுகளில் அறுபத்தொரு உறைகள். எல்லாம் அந்த நாட்டின் இரண்டே மாகாணங்களில் உள்ள தேவாலயங்களின் பங்குச் சாமியார்களுக்கு எழுதியவை. ஒன்று சம்பாலேஸ், மற்றொன்று சம்போவாங்கா. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. நடுவில் ஏகப்பட்ட கடல்.

அவருடைய ஒரே மகன் சகாயவினோத் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். 2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, ஓமானுக்குத் தெற்கே கப்பலிலிருந்து காணாமல் போனான். வயது இருபத்தேழு. உடல் கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனி அனுப்பிய அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதன் கடைசிப் பத்தியில் இரண்டு வாக்கியங்கள்: 'அவர் தம் விருப்பத்தால் கடலில் குதித்தார். அப்போது அருகில் எவரும் இல்லை.'

ஆனால் அன்று காலை வினோத் அம்மாவின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். பதினொரு விநாடி. "அம்மா, கடல் கனமா இருக்கு. நானும் சம்பா அண்ணனும் பின்பக்கம் கயிறு கட்டப் போறோம். வந்து பேசுறேன்." அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. அருகில் ஒருவர் இருந்திருக்கிறார், அவர் பெயர் சம்பா என்று வியாகுலம் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதியது: 'அப்படி ஒரு பெயர் உடையவர் கப்பலில் இல்லை.' மாலுமிகள் பட்டியலையும் இணைத்திருந்தது. இருபத்தொரு பேர். அவர்களில் பதினான்கு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். பெயர்கள் மட்டும், ஊர் கிடையாது. தங்கச்சிமடத்தில் அந்தோணி என்ற பெயர் எப்படியோ அப்படித்தான் அந்தப் பெயர்களும் அங்கே. முகநூலில் தேடினால் ஒவ்வொரு பெயருக்கும் நூறு முகங்கள் வந்தன. எழுதிக் கேட்டதற்கு அவற்றில் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

"கடல் எடுத்துச்சுன்னா கடலைக் கேக்கலாம். அவனாப் போனான்னா என்னையத்தான் கேக்கணும்" என்று வியாகுலம் ஒருமுறை சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களும் மாறும்வரை, கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் கேட்கும் இறந்தோர் பட்டியலில் மகன் பெயரை அவர் கொடுப்பதாக இல்லை. பங்குச் சாமியார் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார். ஏழு வருடமாக ஒரே பதில்தான்: "தப்பான அட்ரஸ்ல எம்புள்ளைய அனுப்ப மாட்டேன் சாமி."

பட்டப்பெயரிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது அவருக்குப் புதிது அல்ல. அவர் தெருவில் பலரை நிஜப் பெயர் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்காது. வாலிநோக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அவர் மனைவி ஜோதிமேரியை நாற்பது வருடமாகத் தெரு முழுக்க வாலிநோக்கத்தா என்றுதான் கூப்பிடுகிறது. முதுகுளத்தூரிலிருந்து வந்த கொத்தனார் முதுகுளத்தூரார். தொண்டியார் என்று ஒருவர். அவர் தொண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை, தொண்டியில் கட்டிய வள்ளத்தை வாங்கியவர், அவ்வளவுதான். அந்தத் தொண்டியாருக்குத் திருவாடானையிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைத் தொண்டிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கல்யாணம் முடிந்தபிறகு திட்டு வாங்கியதை வியாகுலமே முன்பெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

கப்பலிலும் இதே வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். வினோத்தைப் பாம்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களும் தங்களுக்குள் மாகாணப் பெயர் வைத்து அழைத்துக்கொள்வார்களாம். அந்த நாட்டை ஸ்பெயின்காரர்கள் முந்நூறு வருடம் ஆண்டதால் அந்த அழைப்புகளில் பாதி ஸ்பானியச் சொற்கள். காவித்தே என்ற ஊரின் ஆள் காவித்தேஞோ. பத்தாங்காஸ் ஆள் பத்தாங்கேஞோ. ஆகவே சம்பா என்பது ஏதோ ஒரு மாகாணத்துக்காரருக்கான சொல்லின் தலைப்பாதி. வாலை வினோத் வெட்டியிருக்கிறான். வியாகுலம் இப்படித்தான் முடிவு செய்தார். அவர் இடத்தில் எந்தத் தபால்காரராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரெசில்லா அவருக்குத் தங்கை மகள் முறை. அவள் கடைக் கணினியில்தான் வேலை நடக்கிறது. 2021இல் அவள், இணையத்தில் யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு திறந்த அகராதியில் இந்தக் கேள்வியைப் போட்டாள்: சம்பா என்று தொடங்கும் ஊர்க்காரர் பெயர் எது? இரண்டு நாளில் யாரோ முகம் தெரியாத ஒருவர் இரண்டு சொற்களைத் தந்தார். சம்பாலேஸ் ஆள் சம்பலேஞோ. சம்போவாங்கா ஆள் சம்போவாங்கேஞோ. இரண்டாவது சொல் வினோத் வாயில் சம்பா ஆகியிருக்கலாம் என்று வியாகுலம் அதையும் தள்ளவில்லை.

அந்த அகராதிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சொல் உண்மையிலேயே வழக்கில் இருக்கிறதா என்று எவராவது சந்தேகம் கிளப்பினால், வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் அச்சில் எழுதிய மூன்று சான்றுகள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சொல்லை நீக்கிவிடுவார்கள். பிலிப்பைன்ஸ் மாகாணத்துக்காரர்களுக்கான ஸ்பானியச் சொற்கள் நாற்பத்து மூன்று அப்போது சந்தேகத்தில் கிடந்தன. வியாகுலம் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

"அவுக நமக்கு ரெண்டு சொல்லுக் குடுத்தாக. சும்மா வாங்கிட்டு வந்துர்றதா?" என்றார் பிரெசில்லாவிடம்.

"ஸ்பானிஷ் ஒரு எழுத்துத் தெரியாதே மாமா உங்களுக்கு."

"கடுதாசிக்குள்ள என்ன எழுதிருக்குன்னு பாத்தா முப்பத்து நாலு வருசம் தபால் குடுத்தேன்? எனக்கு அட்ரஸ் தெரிஞ்சாப் போதும்."

நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மணிலாவில் அச்சான செய்தித்தாள்களைப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு அவர் கடைக்கு வருவார். கணினித் திரையின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கரையான் தின்ற எழுத்துகளுக்கிடையே ஊர்ப்பெயரைத் தேடுவார். ஒரு எழுத்துதான் அவருக்குப் பெரிய தொல்லை. ஆங்கில 'என்' எழுத்தின் தலையில் ஒரு சின்ன நெளிவு. அது இருந்தால்தான் 'ஞ' என்ற ஒலி, இல்லாவிட்டால் வெறும் 'ன'. பழைய அச்சில் அந்த நெளிவு பாதி இடத்தில் அழிந்து போயிருக்கும். நெளிவு தெரியாத சான்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. "தலையில அலை இருக்கா பாரு தாயி. அலை இல்லாட்டி வேணாம்" என்பார். "நமக்கு ஒரு 'ஞ' போதும். இவுகளுக்கு அலை அடிச்சாத்தான் எழுத்து."

கடை வாசலில் ஜெராக்ஸ் எடுக்க வந்து நிற்பவர்கள் அவரை விடுவதில்லை. "என்ன மச்சான், மணிலாவுல மருமக பாக்குறியளாமே?" என்றார் ஒருநாள் தொண்டியார். வியாகுலம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒனக்குத்தான் பாக்குறேன். பொண்ணு வீட்ல ஒன் சொந்த ஊரு எதுன்னு கேக்குறாக, என்ன சொல்ல?" என்றார். கடையே சிரித்தது. மகன் போனபிறகு அவர் வாயிலிருந்து வந்த நகைச்சுவை அது ஒன்றுதான் என்று பிரெசில்லா இன்னமும் சொல்கிறாள்.

வீட்டில் அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு மாகாணம். ஐந்து கட்டம்: ஊர், ஊர்க்காரருக்கான சொல், சான்று ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் நிறைந்த சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. போன மாதம் வரை முப்பத்தெட்டுச் சொற்களுக்குக் கோடு விழுந்திருந்தது. நோட்டின் நடுவில் 52ஆம் பக்கமும் 53ஆம் பக்கமும் எதிரெதிரே இருக்கின்றன. இடப்பக்கம் சம்பாலேஸ், வலப்பக்கம் சம்போவாங்கா. அந்த இரண்டு பக்கங்களில் மட்டும் சான்றுகளுக்குக் கீழே கடிதங்களின் வரிசை எண், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, பதில். ஒவ்வொரு கடிதத்திலும் பதினான்கு பெயர்களையும் எழுதி ஒரே கேள்வி கேட்டிருந்தார்: இவர்களில் எவராவது உங்கள் பங்கைச் சேர்ந்தவரா? பதில் வந்தவை பதினேழு. பதினேழிலும் இல்லை என்றுதான் இருந்தது.

இந்த நோட்டு என்ன என்று மனைவி கேட்டபோது, "கம்பெனி விசயம்" என்று மூடிவிட்டார். அந்தக் குரல் செய்தி இருந்த கைபேசியையும் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆதாரம் அழிந்துவிடக் கூடாதே என்று.

செப்டம்பர் முதல் தேதி கப்பல் மரணங்களை விசாரிக்கும் ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன; முப்பதாம் தேதிக்குள் நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலம் வந்து சேராவிட்டால், கம்பெனியின் அறிக்கையை அப்படியே ஏற்றுக் கோப்பு முடிக்கப்படும். வியாகுலம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பதில் வராத நாற்பத்து நான்கு பங்குகளுக்கும் பிரெசில்லாவை மின்னஞ்சல் போடச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எல்லாம் ஒரே பதில்.

செப்டம்பர் 24, புதன்கிழமை, மதியம் ஒன்றே கால் மணி. கடைசிப் பதிலைப் பிரெசில்லா அச்செடுத்து வீட்டுக்கே கொண்டு வந்தாள். வியாகுலம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஜோதிமேரி சோறு போட்டுக்கொண்டிருந்தார். பிரெசில்லா நின்றபடியே தமிழில் சொன்னாள்:

"சம்போவாங்காவுல கடைசிப் பங்கு மாமா. பதினாலு பேர்ல ஒருத்தரும் அவுக பதிவேட்டுல இல்லையாம். ஒங்க மகனுக்காகப் பூசை வச்சுருக்காகளாம்." காகிதத்தை மடித்தாள். "அறுபத்தொண்ணும் முடிஞ்சுச்சு. சம்பாங்கிற ஊர்க்காரரு ரெண்டு மாகாணத்துலயும் இல்ல."

ஜோதிமேரியின் கையில் கரண்டி நின்றது. "எந்தச் சம்பா?"

"வினோத்து போன்ல சொன்ன சம்பா அண்ணன் அத்தை. அவரு ஊரைத்தான மாமா நாலு வருசமாத் தேடுறாரு."

"அது ஊரு இல்லத்தா" என்றார் ஜோதிமேரி. "அரிசி."

வியாகுலம் நிமிர்ந்து பார்த்தார்.

"கப்பல் சோறு பிசின் மாதிரி ஒட்டுதும்மா, தொண்டைல இறங்கலன்னான். ரெண்டாந்தடவ போகையில சம்பாப் புழுங்கல் அஞ்சு கிலோ துணியில தச்சுக் குடுத்தேன்ல. இவன் ஒரு மூலைல வச்சு வடிப்பானாம். அந்த ஆளு தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து சம்பா, சம்பான்னு நிப்பாராம். அவருக்குத் தெரிஞ்ச தமிழு அது ஒண்ணுதானாம். அதுனால இவன் வச்ச பேரு. சிரிச்சுக்கிட்டுச் சொன்னான்." அவர் கரண்டியைச் சோற்றுப் பானையிலேயே வைத்தார். "வேற யாரும் அவரை அப்பிடிக் கூப்புடல. இவன் மட்டுந்தான்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?" வியாகுலத்தின் குரல் உயரவில்லை.

"நீங்க எங்க கேட்டிய? கம்பெனி விசயம்னிய. அவன் பேசுன போனைப் பெட்டியில வச்சுப் பூட்டுனிய. அவன் பேரை எடுத்தா எந்திரிச்சு வெளிய போனிய. நீங்க சம்பாவைத் தேடுறியன்னு எனக்கு யாரு சொன்னா?"

பிறகு வியாகுலம் கேட்டார்: "அவரு சொந்த ஊரு எதுன்னு வினோத்து சொன்னானா?"

"சொன்னான்."

பிரெசில்லா மடித்த காகிதத்தைத் திருப்பி, எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தாள்.

"கப்பல்ல எல்லாரும் அவரை ஊரு பேரு சொல்லித்தான் கூப்புடுவாகளாம். இவனும் சொல்லிக் காட்டுனான். என் வாயில நுழையல. கடைசில ஞோன்னு முடியும். என்னடா பூனை கத்துற மாதிரின்னு கேட்டேன். சிரிச்சான்." ஜோதிமேரி முந்தானையால் வாயைத் துடைத்தார். "முன்னால என்னமோ வந்துச்சு. மறந்துபோச்சுங்க."

வியாகுலம் எழுந்தார். சாப்பிடாத கையோடு போய் நோட்டை எடுத்து வந்து, தட்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்து உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று சொற்களில் ஞோ என்று முடிபவை இருபத்தாறு. அவர் முதலிலிருந்து வாசித்தார், பதிவுத் தபாலுக்குப் பெயர் கூப்பிடுவது போல, ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்தி.

"காவித்தேஞோ."

ஜோதிமேரி கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல. இருங்க. இன்னொருக்கச் சொல்லுங்க."

"காவித்தேஞோ."

"இல்ல."

"பத்தாங்கேஞோ."

"இது... இது மாதிரித்தான்."

பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "லெய்த்தேஞோ."

"சின்னதா இருக்கு. அவன் சொன்னது நீளமா இருந்துச்சு."

"புலக்கேஞோ."

"இதுதான்போல." கண்ணைத் திறந்தார். "இதுவாத்தான் இருக்கும்."

"அந்திக்கேஞோ."

"இதும்தாங்க."

இருபத்தாறும் முடிந்தபோது ஐந்து சொற்களுக்கு ஆம், ஒன்பது சொற்களுக்கு இருக்கலாம். வியாகுலம் அந்த ஐந்தை மட்டும் மறுபடி வாசித்தார். இந்த முறை மூன்றுக்கு இல்லை என்றார் ஜோதிமேரி. முன்பு இல்லை என்று சொன்ன காவித்தேஞோவைத் தானாகக் கேட்டு வாங்கி, அதுதானோ என்றார். அந்த ஐந்து சொற்களுக்கும் அச்சில் மும்மூன்று சான்று காட்டி, சிவப்புக் கோடு போட்டவர் வியாகுலம்தான். உலகத்தில் எவரும் இனிச் சந்தேகப்பட முடியாத சொற்கள் அவை.

"எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கு" என்றார் ஜோதிமேரி. "என்னைய இன்னும் கேக்காதிய. நீங்க கேக்கக் கேக்க, அவன் சொன்னது அழிஞ்சுக்கிட்டே போகுது."

மூன்றாம் முறை அவர் வாசிக்கவில்லை. முப்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் பதினான்கு பேரை எந்த மாகாணத்தில் என்று தேடுவது?

"வேற மாகாணத்துக்கும் மெயில் போடுவமா மாமா?" என்று பிரெசில்லா கேட்டாள். "போட்டுப் பாப்பமே. நான் ராத்திரி வரைக்கும் கடையைத் தொறந்து வைக்கிறேன்."

வியாகுலம் நோட்டைப் புரட்டி நடுப்பக்கத்துக்கு வந்தார். இடப்பக்கம் சம்பாலேஸ், வலப்பக்கம் சம்போவாங்கா; இரண்டிலும் அவருடைய குண்டு எழுத்தில் அறுபத்தொரு வரிகள். கடைசி வரியில் பதில் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அதில் 'இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, மை காயும்வரை காத்திருந்தார்.

தட்டில் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. சம்பாப் புழுங்கல்தான், அந்த வீட்டில் இன்றைக்கும் அதுதான் வடிக்கிறார்கள். அவர் ஓரத்தில் ஒதுக்கவில்லை. நடுச்சோற்றிலிருந்தே ஒரு பிடி எடுத்து விரல்களால் நசுக்கி, 52ஆம் பக்கத்தின் மூன்று ஓரங்களிலும் சீராக இழுத்துவிட்டு, 53ஆம் பக்கத்தை அதன் மேல் மூடினார். கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி ஓட்டினார். முனை வந்ததும் திரும்ப முதலிலிருந்து.